நாமே நிரப்பும் தோட்டாவில் விலையை மட்டும் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தமிழர்களின் வார இறுதிப் பொழுதுபோக்குகள் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையில், ஸ்டீல் தகடு சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் செலவைக் குறைக்கத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு இங்கே டல்லாஸ் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு தம்பிகள், எந்த பவுடர் (வெடிமருந்து) விலை குறைவு, எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சின்ன எடை அளவு) போடலாம் என்று கேட்டு வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நானும் பல வருடமாக ரீலோடிங், அதாவது சுட்ட காலிக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா ஆக்குவது, செய்கிறவன்தான், ஆனால் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதை விலையில் தொடங்கக் கூடாது.

இந்தப் போட்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்டீல் சேலஞ்ச் 1981-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. மொத்தம் எட்டு ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் ஐந்து இரும்புத் தகடு, 7 கெஜத்திலிருந்து 35 கெஜம் வரை தள்ளித்தள்ளி நிற்கும். டைமர் 'பீப்' என்றதும் நான்கையும் அடித்துவிட்டு ஐந்தாவதான ஸ்டாப் பிளேட்டைக் கடைசியில் அடிக்க வேண்டும், ஒரு தகட்டை விட்டால் 3 விநாடி கூடும். ஏழு ஸ்டேஜில் ஐந்து ஐந்து முறை, அவுட்டர் லிமிட்ஸ் என்ற ஸ்டேஜில் மட்டும் நான்கு முறை. ஒரு குண்டுகூடத் தவறாதவருக்கே எட்டு ஸ்டேஜும் முடிக்க 195 தோட்டா வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு முந்நூறு ஆகும். 2020, 2021-இல் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் வைக்கும் சின்ன மூடி) கிடைக்காமல் அலைந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை, ஆகவே விலை பற்றிய கவலை எனக்கும் புரிகிறது.

சரி, என்ன தோட்டா? இந்தப் போட்டியில் தகடு கீழே விழ வேண்டியதில்லை, குண்டு பட்டால் போதும். குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவதை 'பவர் ஃபேக்டர்' என்பார்கள். அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிச் சங்கமான யுஎஸ்பிஎஸ்ஏ-வின் மற்றப் போட்டிகளில் அது குறைந்தது 125 இருக்க வேண்டும், அதாவது 147 கிரெயின் குண்டு என்றால் சுமார் 850 அடி வேகம். ஸ்டீல் சேலஞ்சில் அந்தக் கணக்கே கிடையாது. அதனால் எல்லோரும் உதை குறைந்த, மெதுவான தோட்டாவைத் தேடுகிறார்கள். துப்பாக்கி அதிகம் எகிறாவிட்டால் அடுத்த தகட்டுக்குக் கண் சீக்கிரம் போகும், அது உண்மை.

ஆனால் மெதுவுக்கும் ஒரு எல்லை உண்டு. மருந்தைக் குறைத்துக்கொண்டே போனால், பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்னால் வராது, காலிக் கூடு சிக்கிக்கொள்ளும், அப்புறம் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். 35 கெஜத்தில் தகட்டின் ஓரத்தைத் தொட்டுப் போன வேகம் குறைந்த குண்டின் சத்தம், பக்கத்தில் நின்று கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் காதுக்கு எட்டாமலும் போகலாம். என் அனுபவத்தில் 9 மி.மீ. பிஸ்டலுக்கு மேல்பூச்சு போட்ட 147 அல்லது 124 கிரெயின் ஈயக் குண்டை, மருந்துக் கம்பெனியின் கையேட்டில் இருக்கும் அளவுக்குள், நம் துப்பாக்கி நூறு முறையும் தடுமாறாமல் ஓடும் இடத்தில் நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியில் ஓடியது நம்முடையதில் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமானது எந்த மருந்து என்பது. மெதுவான தோட்டாவுக்கு வேகமாக எரியும் பவுடர் துளியூண்டு போதும், ஒரு டப்பா வெகு நாள் வரும், அதனால் சிக்கனக்காரர்கள் அதற்குத்தான் போவார்கள். அந்தத் துளி கூட்டின் அடியில் எங்கேயோ கிடக்கும். ரிவால்வர்காரர்களின் .38 ஸ்பெஷல் 1898-இல், அதிக இடம் பிடிக்கும் பழைய கருமருந்துக்காகச் செய்த நீளக் கூடு, அதில் இந்த மருந்து தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவும் தெரியாது. சுடும்போது கையில் வெடிக்கும். இடத்தை நிறைய அடைக்கும் பொதபொதவென்ற மருந்தாக இருந்தால் இரண்டாவது முறை விழும்போதே வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். டப்பாவுக்கு சில டாலர் கூடுதலாகப் போனாலும் நான் அதைத்தான் வாங்குகிறேன்.

மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான், அது எனக்கே நடந்தது. ஒரு சனிக்கிழமை இரவு தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா போன். கைப்பிடியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்தேன், எந்தக் கூட்டில் நிறுத்தினேன் என்று சரியாக நினைவில்லாமல் கூடுகள் சுற்றிவரும் தட்டைக் கையால் ஒரு இடம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போட்டியில், பெண்டுலம் என்ற ஸ்டேஜில் மூன்றாவது தகட்டுக்கு 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், தகடு ஒலிக்கவில்லை. பல மாதம் பழக்கிய கை யோசிக்காமல், தோட்டா அடுக்கிய மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுத்துவிட்டது, விரல் டிரிகருக்குப் போகும்போது ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்!" என்று கத்தினார். கழற்றிப் பார்த்தால் பிரைமரின் உந்தலில் மட்டும் கிளம்பிய குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கிறது. அதன் பின்னால் இன்னொன்றை விட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும், பக்கத்தில் நின்ற அந்த மனிதருக்கும் என்ன ஆகியிருக்குமோ. அன்றைக்கு மீதித் தோட்டா எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினேன். இப்போது ஓட்டும்போது போன் அறைக்குள்ளேயே வராது, பாதியில் நிறுத்த நேர்ந்தால் தட்டில் இருக்கிற கூடுகள் அத்தனையும் வெளியே வந்துவிடும், மருந்து விழுந்த ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்த பிறகுதான் குண்டை வைப்பேன்.

தகட்டில் பட்டுத் தெறிப்பதையும் சொல்ல வேண்டும். செம்பு உறை போட்ட குண்டு உடைந்தால் உறையின் துண்டு பிளேடு மாதிரி திரும்பி வரும். பூச்சுக் குண்டில் அந்த உறை இல்லை, நான் அதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். எப்படியானாலும் வேடிக்கை பார்க்கிறவர் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உள்ளே இரும்பு வைத்த குண்டு வேண்டவே வேண்டாம், அது தகட்டைக் குழிபறிக்கும், குழி விழுந்த தகடு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறவர்கள் ஈயம் தொட்ட கையையும் சட்டையையும் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

அந்தத் தம்பிகளுக்கு நான் கிரெயின் கணக்கு எதுவும் சொல்லவில்லை, மருந்துக் கம்பெனியின் கையேட்டை வாங்கச் சொன்னேன். என்னுடைய தோட்டாவில் கொஞ்சம் தாருங்கள் என்றார்கள், அதற்கும் மறுத்துவிட்டேன், ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் சுடுவது எனக்குச் சம்மதமில்லை. வரும் சனிக்கிழமை இருவரும் என் கராஜுக்கு வருகிறார்கள். கைப்பிடியைத் தொடவிட மாட்டேன், ஒரு மணி நேரம் விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்து எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், முதல் நாளுக்கு அவ்வளவுதான் வேலை.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
டல்லாஸ், டெக்சாஸ்