தேரோட்டி மகன்

அன்புள்ள மகனுக்கு,

உனக்குப் பார்த்த பெண் வீட்டில் யாரோ உன்னை "வெறும் டிரைவர்தானே" என்று சொன்ன கதை கட்டார் வரைக்கும் வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். இப்படிக் கதைகளுக்கு விசாவும் தேவையில்லை போல.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, அதுதான் தீப்பள்ளயம், முடிந்தும் எனக்கு இன்னும் பாரதக் கதைதான் மண்டைக்குள் ஓடுகிறது. கர்ணனை எடுத்துக்கொள். அங்க நாட்டு முடி சூட்டிய தண்ணீர் தலையில் காயவில்லை. வளர்த்த தகப்பன் அதிரதன் வியர்த்துக் கொட்டக் கோலூன்றி வருகிறான். மகன் எல்லோர் முன்னாலும் குனிந்து கும்பிடுகிறான். கிழவன் அந்த ஈரத் தலையைக் கட்டிப்பிடித்து அழுகிறான். அதைப் பார்த்துத்தான் வீமன், "தேரோட்டி மகனே, உனக்குச் சவுக்குதான் பொருத்தம்" என்று பகிடி பண்ணுகிறான். இந்த இடம் வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, அதே கதையில் கண்ணன் பார்த்த வேலை என்ன? அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்டினான். அவனைப் பார்த்தசாரதி என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். இங்கே அரசாங்கம் உனக்குத் தந்ததும் சாரதி அனுமதிப்பத்திரம்தான்!

சல்லியன் கதை இன்னும் பகிடி. மத்திர நாட்டு அரசன் நான், இந்தக் கர்ணனுக்குத் தேர் ஓட்டுவதா என்று கொதிக்கிறான். "நீ கண்ணனிலும் மேல்" என்று துரியோதனன் புகழ்ந்ததும் கடிவாளத்தைப் பிடிக்கிறான், பிடித்துக்கொண்டே கர்ணனை ஏசுகிறான். 1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் எங்கள் பக்கத்துக் கூத்தைப் பேராதனையில் மேடையேற்றியபோது எடுத்ததும் கர்ணன் போர்தான். சல்லியனுக்கு ஆடுகிறவன் கெட்டிக்காரன் என்றால் சனம் கர்ணனை மறந்துவிடும்.

கர்ணனை அவர்கள் ஏசின 'சூதன்' என்ற சொல்லுக்குத் தேரோட்டி என்றும் பொருள், புகழ் பாடுகிறவன் என்றும் பொருள். தொல்காப்பியத்தில் சூதர்தான் துயிலும் அரசரைப் பாடி எழுப்புகிறார்கள். அதுமட்டுமா, நைமிசாரணியக் காட்டு முனிவர்களுக்கு இந்தப் பாரதத்தைச் சொன்னவரே ஒரு சூதர். வீமன் ஏசினதையும் அவர் வாயால்தான் கேட்கிறோம்.

பட்டநாராயணரின் வேணீசம்ஹாரம் என்ற வடமொழி நாடகத்தில் அசுவத்தாமனும் இதையே சொல்லிக் கர்ணனைக் குத்துகிறான். கர்ணன் தன் பிறப்பைப் பற்றி வாதாடவே இல்லை. சூதனோ, சூதன் மகனோ, யாராகவும் இருந்துவிட்டுப் போகிறேன். குலத்தில் பிறந்தது தெய்வத்தின் கையில், ஆண்மை என் கையில் என்கிறான். எனக்குப் பிடித்த பதில் அதுதான்.

பெண் வீட்டாருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதை பெண்ணின் வாயில் வந்ததா, அவளுடைய மாமன் வாயில் வந்ததா என்று அம்மா விசாரிக்கிறாள். மாமன் என்றால் நான் பெரிதாக எடுக்கமாட்டேன், அந்த ஆள் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார். பெண் என்றால் உன் விருப்பம். வெள்ளிக்கிழமை லீவில் போன் எடு.

அன்புடன்,
அப்பா