முதுகையும் ஒருக்கா பாருங்கள் டொக்டர்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளரைப் பார்க்கும் இளம் டொக்டர்மாருக்கு,

வார்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, எழுதுகிறேன். வயல் வெட்டுத் தொடங்கி மிசின் தூசு கிளம்பினால் விடியவே முட்டுக்காரர் (ஆஸ்துமாக்காரர்) வாங்கு நிறைய வந்து இருப்பார்கள், உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, அதெல்லாம் தெரியும். ஆனாலும் சேட்டுக்கு மேலால் முன்பக்கம் இரண்டு இடத்தில் நெஞ்சுச் சத்தம் கேட்கும் குழாயை (ஸ்டெதஸ்கோப்) வைத்துவிட்டு "சளிதான்" என்று துண்டு எழுதுவதை விடுங்கள்.

நுரையீரலின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. துணி உரசினாலே கரகரவென்று கேட்கும், உண்மையான கரகரப்பு துணிக்குள் அமுங்கியும் போகும். எங்கள் ஊர் வயல்காரர் ஒருவருக்கு இப்படித்தான் இருமலுக்கு மாத்திரை மாறி மாறிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டொக்டர் சேட்டைக் கழற்றச் சொல்லி, முதுகில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே கீழே வந்தார். வலப்பக்கம் அடியில் கல்லில் தட்டினதுபோல சத்தமே எழும்பவில்லை. எக்ஸ்ரேயில் பார்த்தால் நீர் கட்டியிருந்தது. தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் போயிருக்கும் சொல்லுங்கள்?

பெண்கள் என்றால் கூச்சம், சரி. பிரான்சில் லெனெக் என்ற டொக்டர் 1816இல் கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்கியதே ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் நேரே காது வைக்கக் கூசித்தான். கூச்சத்துக்காக வந்த சாமானை வைத்துக்கொண்டு இப்போது கூச்சத்தைச் சொல்லியே பார்க்காமல் விடுகிறோம்! காத்தான்குடியிலிருந்து அபாயாவோடு வரும் பிள்ளையானாலும் ஒரு திரையை இழுத்து, பக்கத்தில் ஒரு மிஸ்ஸியை நிற்க வைத்துக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் குழாய்க்கு முன்னம் கண்தான் வேண்டும். தாயின் மடியில் அழாமல் இருக்கும்போதே, தொடாமல், முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இருமலோடு வரும் பிள்ளைக்கு, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40, இந்தக் கணக்கைத் தொட்டாலே நிமோனியாவை யோசிக்க வேண்டும். நெஞ்சு உள்ளே குழிகிறதா என்பது சட்டையைத் தூக்கினால்தானே தெரியும்.

இன்னொன்று, மூச்சு வாங்கிக் கதைக்கவே முடியாமல் வரும் முட்டுக்காரரின் நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்கவில்லை என்றால் நிம்மதிப்படாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு ஓடுங்கள்.

அப்புறம், அறைக்கு ஒரு திரை, வினாடி முள் ஓடுகிற ஒரு சுவர் மணிக்கூடு. இரண்டையும் நிர்வாகத்திடம் நீங்களே எழுதிக் கேளுங்கள். மிஸ்ஸிமார் கேட்டால் "பார்ப்பம்" என்றுதான் சொல்வார்கள்.