கேள்வி நேரம் வீண் நேரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தேநீர்க் கடையில் நடந்த அறிவியல் சந்திப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பேசிய ஆராய்ச்சியாளரின் பட்டங்கள், விருதுகள், சிரித்த முகத்தோடு பெரிய படம் எல்லாம் இருந்தன. சந்தோஷம். கடைசிப் பத்தியில்தான் அந்த வரி: பார்வையாளர்கள் தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்டதால் நேரம் வீணானதாம். சம்பந்தமில்லாத அந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்டவள் நான்.

தலைப்பு, ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கிருமிகள் ஏன் மசிவதில்லை என்பது. என் அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது ஒரு டாக்டர் கொஞ்ச நாள் மாத்திரை போதும் என்றார். அதற்கு முன்பு வேறொருவர், முழு கோர்ஸையும் முடிக்காவிட்டால் ஆபத்து என்று மிரட்டியிருந்தார். எது சரி என்று கேட்டேன். இது சம்பந்தமில்லாத கேள்வியா?

அந்த ஆராய்ச்சியாளருக்கு அப்படித் தோன்றவில்லை. கோப்பையை ஒதுக்கிவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, இரண்டை மட்டும் வட்டமிட்டார். மற்றவை மருந்தில் செத்துப்போகும், இவை தப்பிக்கும், காலியான இடத்தில் இவற்றின் வம்சமே பெருகும் என்றார். தேவைக்கு மேல் மருந்து சாப்பிட்டால், உடம்பில் சும்மா இருக்கும் கிருமிகளிலும் இதே கதைதான். அதனால்தான் சாதாரண நிமோனியா போன்ற பல தொற்றுகளுக்குக் குறைந்த நாள் மருந்தே போதும் என்று இப்போது சொல்கிறார்கள். காசநோய்க்கு அந்தப் பேச்சே கூடாது, மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். எதுவானாலும் நாமாக நிறுத்தக் கூடாது. இவ்வளவும் உரையில் வரவில்லை, கேள்வியில்தான் வந்தது.

உங்கள் கட்டுரையில் வந்தது என்ன? 1928-இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்த கதை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். அதே ஃப்ளெமிங், மருந்தைப் போதாத அளவில் கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தாரே, அதற்கு இடமில்லை.

இந்தச் சந்திப்புகள் எதற்காக வந்தன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பாரிஸில் மார்க் சோத்தே 1992-இல் ஆரம்பித்த தத்துவக் கஃபேயைப் பார்த்து, 1998-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டங்கன் டல்லஸ் அறிவியல் கஃபேயைத் தொடங்கினார். சின்ன உரை, ஓர் இடைவேளை, அப்புறம் கேள்விகள்தான். பேச்சை மட்டும் கேட்டுவிட்டுக் கைதட்டிப் போவதென்றால் அதற்கு அரங்கங்கள் இல்லையா?

உங்களிடம் இதை எதிர்பார்த்தது என் தப்போ என்னவோ. அறிவியல் பக்கம் அரைப் பக்கமானது, மீதியில் ராசிபலன் வந்து உட்கார்ந்தது. "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டு, சோதனை எலிகளில்தான் நடந்தது என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்தீர்கள். அதைச் சொல்லி நான் எழுதிய கடிதத்தில் உங்களைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் அச்சேறியது. மிக்க நன்றி.

இன்னொன்று. கோழிகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் நம்மையும் பாதிக்குமா என்று பின்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். அன்றைய கேள்விகளிலேயே அதுதான் அருமையானது. பதில் வருவதற்குள் உங்கள் நிருபர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த சந்திப்புக்கு அனுப்பும் நிருபரை இடைவேளைக்குப் பிறகும் உட்காரச் சொல்லுங்கள். விருதுப் பட்டியலைச் சுருக்கி, இரண்டு கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கோழிக் கேள்வியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டும் ஒரு வாசகி