ஓர் ஊதா முத்திரைக்கு நன்றி

அன்புடையீர்,

அப்பாவின் விவகாரம் நேற்று மாலை ஒரு முடிவுக்கு வந்து, உத்தரவின் நகலும் கைக்குக் கிடைத்துவிட்டது. நடந்தவற்றை நீங்கள் அனைவரும் அறிவீர்களாதலால் இங்கே மீண்டும் விவரிக்கவில்லை. கட்டணம் வாங்க மறுத்த மூத்த வழக்கறிஞர், அம்மாவுக்கு இரவுத் துணையிருந்த பெரம்பூர்ச் சித்தி, கணக்குப் பார்க்காமல் தேநீர் கொடுத்த தம்புச் செட்டித் தெருக் கடைக்காரர் என ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். இம்மடல் பெரும்பாலும் வேறொருவரைப் பற்றியது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பாரிமுனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருக்கிறேன். "அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கினாயா?" என்று இளையவர்களை நாளுக்குப் பத்து முறை கேட்கும் நான், அன்று, அப்பாவின் மனுவைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளின் கடைசி நிமிடங்களில், அதைத் தபால் பிரிவுச் சன்னலில் நீட்டிவிட்டு, நகலைப் பையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். "தம்பி, உங்க காப்பி எங்கே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர், மேசையைப் பூட்டிக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு, எனக்காக அதை மறுபடி திறந்தார். மைப்பெட்டி காய்ந்திருந்தது; தண்ணீர்ப் பாட்டிலின் மூடியிலிருந்து இரண்டு சொட்டு விட்டு முத்திரையை அழுத்தினார். தேதி மங்கலாக விழுந்ததால் பக்கத்திலேயே பேனாவால் தெளிவாக எழுதி, நேரத்தையும் குறித்துச் சுருக்கொப்பமிட்டார். "இது வந்து சேர்ந்ததுக்குத்தான் சாட்சி. வேலை ஆயிடும்னு அர்த்தமில்ல" என்றார். பின்னாளில் அப்படியொரு மனு வரவே இல்லை என்று சொல்லப்பட்டபோது, எங்கள் கையில் இருந்தது அந்த ஊதா முத்திரை ஒன்றுதான்.

ஒப்புகைக்கும் ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஒப்புதல் தருபவர் இசைகிறார். ஒப்புகை தருபவர் 'ஆம், கிடைத்தது' என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார், அவ்வளவே. வாக்களித்தபின் ஏழு விநாடி தெரிந்து மறையும் தாளுக்கும் ஒப்புகைச் சீட்டு என்றே பெயர். ஒப்புகையைக் குறிக்கும் 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்ற அதே ஆங்கிலச் சொல்லைப் புத்தகங்களில் நன்றியுரைக்கும் தலைப்பாக வைக்கிறார்களே, ரசீதுக்கும் நன்றிக்கும் என்ன உறவு என்று நான் வியந்ததுண்டு. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பில் அதற்கு விடை இருந்திருக்கிறது: செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது பிறர் செய்த உதவியைக் குறிக்கிறது. பெற்றவன் செய்ய வேண்டியது அதை அறிவது.

எங்கள் தொழிலில் ஒப்புகை என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. புரோநோட்டுக் கடன் மூன்றாண்டில் காலாவதியாகிவிடும். ஆனால் கெடு முடியுமுன் கடன்பட்டவர் 'இக்கடன் உண்டு' என எழுதிக் கையொப்பமிட்டால், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். அந்த அம்மையாருக்கு நான் பட்ட கடன் உண்டு என இதன்மூலம் எழுதிக் கையொப்பமிடுகிறேன். காலாவதியாகாதபடி இனியும் எழுதுவேன். இம்மடலின் நகலொன்றை வரும் திங்கட்கிழமை அதே சன்னலில் கொடுக்கப்போகிறேன். இம்முறை முத்திரை கேட்கமாட்டேன்.

நன்றியுடன்,
ஒரு குமாஸ்தா,
பாரிமுனை, சென்னை