சுவரில் படம் வந்தது, எங்கள் கையில் தூரிகை எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து எங்களை மாற்றிக் குடியமர்த்திய கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020-இல் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தபோது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், முகவரி சொன்னாலே முகம் சுளித்தவர்கள்கூட "அந்தப் படம் போட்ட ஏரியாவா?" என்று கேட்டார்கள், எங்களுக்கும் பெருமைதான். சரி, அப்புறம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் தெருவில் சார்ட்டும் பெயின்ட்டும் விரித்து உட்கார்ந்தார்கள். பக்கவாதத்தால் வலது கை விளங்காத பக்கத்து வீட்டு அக்கா, இடது கையால் கூவம் கரையில் விட்டுவந்த தன் வீட்டு வேப்பமரத்தை வரைந்தார். கோடு நடுங்கியது, பச்சை வழிந்தது, அவர் நிறுத்தவில்லை. முடித்ததும் அந்த மரத்தடியில் யார் யார் உட்காருவார்கள் என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வளவு பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

கலை உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பே 2019-இல் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. அதிகாரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: இங்கே பூட்டிக் கிடக்கும் சமூக நலக்கூடத்தை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள், சக்கர நாற்காலி ஏற வாசலில் ஒரு சாய்தளம் போடுங்கள். பெயின்ட்டுக்கு நாங்களே காசு போட்டுக்கொள்கிறோம்.

ஒரு வாசகி, கண்ணகி நகர், சென்னை