பழைய பஸ் டிக்கெட்

அன்பு நண்பனுக்கு,

பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியை விடு, அது உனக்கும் உண்டு. தென்னந்தோப்பில் வெள்ளை ஈ. போதாக்குறைக்கு வாடல் நோயும் எட்டிப் பார்க்கிறது.

பத்திரம் தேடப்போன இடத்தில், தகரப் பெட்டிக்கு அடியில் ஒரு ஏ.பி.டி. (ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்) பஸ் டிக்கெட் கிடைத்தது. எழுத்து மங்கி, மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. பேத்தியிடம் காட்டினேன். "ஏ.பி.டி. என்றால் பார்சல் சர்வீஸ்தானே தாத்தா?" என்றாள். மகாலிங்கம் என்றால் அவளுக்குக் கல்லூரியின் பெயர், அவ்வளவுதான்.

நாச்சிமுத்துக் கவுண்டர் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றித் தொடங்கிய தொழில் அது. மகன் மகாலிங்கம் கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு வந்தார். 1952-ல் சட்டமன்றத்துக்குப் போனபோது வயது 29. 1967 வரை, பதினைந்து வருடம். அப்புறம் 1972-ல் அரசு அந்த பஸ்களை எடுத்துக்கொண்டது. சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. எந்த மாநிலத்தின் சபையில் உட்கார்ந்திருந்தாரோ அதே மாநிலத்தின் அரசு! வேறொருவராக இருந்தால் மனம் கசந்து ஒதுங்கியிருப்பார். இவருக்கு ஆப்பக்கூடலில் சர்க்கரை ஆலை ஏற்கெனவே இருந்தது என்பாய். இருக்கலாம். ஆனாலும் 1984-ல் குமரகுரு கல்லூரி, 'ஓம் சக்தி' இதழ், வள்ளலார் விழாக்கள் என்று கடைசிவரை ஓயவில்லையே.

கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை மட்டும் என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. அதைச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தை அவரே கொண்டுவந்ததுபோல் எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லாதே. காமராஜர் இருந்தார், சி. சுப்பிரமணியம் இருந்தார், வி.கே. பழனிசாமிக் கவுண்டர் இருந்தார். மேற்கே ஓடி வீணாகிற ஆற்றைத் திருப்ப வேண்டும் என்று பல பேர் விடாமல் பேசியதால் வந்த தண்ணீர் அது. அவர்களில் மகாலிங்கமும் ஒருவர். அதுவே சின்ன விஷயமில்லை. ஒருவர் கட்டிய கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிடலாம். பலர் சேர்ந்து கொண்டுவந்த வாய்க்காலுக்கு யார் பெயரை வைப்பது? திறந்துவிட்டால் எல்லோரும் மடையை மட்டும்தான் பார்க்கிறோம்.

2014 அக்டோபர் 2, சென்னையில் வள்ளலார்–காந்தி விழாவுக்குப் போன இடத்திலேயே மகாலிங்கத்தின் உயிர் பிரிந்தது. வயது 91. அன்று இரவு நீ என்னைத் தொலைபேசியில் அழைத்தாய், நினைவிருக்கிறதா? இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

அந்த வாய்க்காலில் இந்த முறை எங்கள் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் முறை. டார்ச் லைட்டோடு போக வேண்டும். மகன் போகிறேன் என்கிறான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

டிக்கெட்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். எந்த ஊருக்கு எடுத்தது என்று உன் கண்ணுக்காவது தெரிகிறதா பார். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு. உன் புத்தகம் எதற்குள்ளாவது செருகிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்