நீத்துப்பெட்டிக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் திருகோணமலைக் கண்காட்சி பற்றி வந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். காட்டிலும் குளக்கரையிலும் சேகரித்த ஓலை, கொடி, புல்லால் சிற்பம் இழைக்கும் கலைஞரைப் பாராட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மயில் உண்மையிலேயே அழகு. ஆனால் படக்குறிப்பில் "கலைஞர் கண்டறிந்த கூம்புப் பின்னல்" என்று போட்டிருக்கிறீர்களே, ஐயா, அது நீத்துப்பெட்டி. தங்கள் வீட்டுக் குசினியிலும் ஒன்று தொங்கக்கூடும். என் வீட்டில் இன்று காலையும் அந்தச் "சிற்பத்தில்"தான் பிட்டு அவித்தோம்.

எங்கள் ஊரான சம்பூரில் என் தாயார் பனையோலையைச் சத்தகம் என்ற சிறு கத்தியால் வார்ந்து, ஈர்க்கு நீக்கி, ஈரத் துணியில் சுற்றிவைத்து இழைப்பார். இழை அதிகம் நெருங்கினால் ஆவி ஏறாது. விலகினால் மா பானைக்குள் கொட்டிவிடும். முடித்த பெட்டியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் பிரித்துவிடுவார். மறுபடியும் முதலிலிருந்து.

"எவருக்கும் பயன்படாத பன்புல்" என்றும் கட்டுரையில் இருக்கிறது. அந்தப் பயன்படாத புல்லை இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டி, கிழித்து, வெயிலில் உலர்த்தி இழைத்த பாயில்தான் நாங்கள் ஏழு பேரும் படுத்தோம். இன்று எங்களில் ஒருத்தி காட்டுக்குள் போய் நாலு பிரம்பு வெட்டினால் மறித்து விசாரிக்கிறார்கள். கலைஞர் வெட்டினால் அது "இயற்கையுடன் உரையாடல்". எங்களுக்கும் அந்தப் பாஷையை யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

2006இல் போருக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடியபோது அம்மா முந்தானையில் முடிந்து வந்தது அந்தச் சத்தகத்தை. பிறகு கிளிவெட்டி முகாமில் ஒரு நிறுவனம் மூன்று நாள் பயிற்சி நடத்தி, அவருக்கு "அடிப்படைப் பின்னல்" சான்றிதழ் கொடுத்தது. பயிற்றுவித்த தம்பிக்குக் கடகம் என்ற ஓலைக்கூடைக்கு நார் பொத்தத் தெரியவில்லை. அம்மாதான் பொத்திக் கொடுத்தார். சான்றிதழில் அவர் பெயரிலும் எழுத்துப் பிழை. இதைப் பற்றி அப்போதும் தங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை.

இங்கிலாந்தின் சமர்செற்றில் 2000ஆம் ஆண்டு செரினா டி லா ஹே என்ற சிற்பி வில்லோ மரத்தின் வளையும் கம்புகளால் 12 மீற்றர் உயரத்தில் ஓடும் மனிதன் ஒருவனைச் செய்து நிறுத்தினார். உள்ளே இரும்புச் சட்டம். எங்கள் கடகத்துக்கு அதுவும் கிடையாது. அது போகட்டும், தலைமுறை தலைமுறையாக வில்லோ வளர்த்துக் கூடை முடைந்த ஊர் அது. அங்கே போய் வில்லோவைப் பயன்படாத குச்சி என்று எழுதிவிட்டு ஒரு பத்திரிகையாளர் சும்மா திரும்பியிருக்க முடியுமா?

அடுத்த இதழில் ஒரு வரி போதும்: "படத்தில் இருப்பது நீத்துப்பெட்டி." 'த்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சம்பூர் வாசகி